ஈ-போட்: ஜெர்மன் படகுக்கு எதிரி வெச்ச பேரு

இரண்டாம் உலகப்போர் பத்தி கொஞ்சம் படிச்சவங்ககிட்ட யூ-போட்னா என்னன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க, ஜெர்மன் நீர்மூழ்கி, உன்டர்ஸீபோட்ங்கிற ஜெர்மன் வார்த்தையோட முதல் எழுத்துதான் அந்த யூ. அதே போர்க்கதைகள்ல ஈ-போட்னு இன்னொண்ணும் அடிக்கடி வரும், ராத்திரியில வேகமா வந்து டார்பிடோ (தண்ணிக்கடியில பாய்ஞ்சு போய் கப்பலை அடிக்கிற குண்டு) விட்டுட்டு வந்த வேகத்துலயே காணாம போற ஜெர்மன் படகு. யூ ஜெர்மன்னா ஈ-யும் ஜெர்மன் வார்த்தையோட சுருக்கமாத்தான் இருக்கணும்னு நெறைய பேர் நினைச்சுக்கிறாங்க. அது அப்படி கிடையாது, ஜெர்மன் கடற்படையில அந்தப் படகுக்கு ஈ-போட்ங்கிற பேரே இல்ல. அது பிரிட்டிஷ்காரங்க வெச்ச பேரு.

ஈ-ங்கிறது எனிமி-ங்கிற இங்கிலீஷ் வார்த்தையோட முதல் எழுத்துன்றதுதான் பொதுவா எல்லாரும் ஏத்துக்கிட்ட விளக்கம். எதிரிப் படகு, அவ்வளவுதான். ஜெர்மன்ல ஐல்போட்னு ஒரு வார்த்தை இருக்கு, அவசரமா போற படகுன்னு அர்த்தம், அதுலேருந்துதான் ஈ வந்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா ஜெர்மன் கடற்படை அதிகாரப்பூர்வமா வெச்ச பேரு ஷ்னெல்போட், வேகப் படகு, சுருக்கமா எஸ்-போட், 1932-லேருந்து படகு நம்பரே எஸ்-1, எஸ்-2னு தான் ஓடுது, அப்புறம் ஐல்போட்டுக்கு அங்க எடம் எங்க இருக்கு சொல்லுங்க. ஐல்போட் கதை பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டதுன்னுதான் நான் நினைக்கிறேன். யூ-போட்டுக்கு ஜெர்மன் விளக்கம் இருக்கு, இதுக்கும் ஒண்ணு இருந்தாகணும்னு யாரோ தேடிப்போய் பொருத்தியிருக்காங்க.

எதிரியோட ஆயுதத்துக்கு தனியா ஒரு பேரு வெக்கிறது அப்போ பிரிட்டிஷ் கடற்படையில சாதாரண விஷயம். எதிரி நீர்மூழ்கியை யூ-போட்னு சொல்லணும், நம்ம பக்கம் இருந்தா சப்மரின்னு சொல்லணும், ரெண்டையும் கலக்கக்கூடாதுன்னு சர்ச்சிலே உத்தரவு போட்டிருக்கார். ஒயர்லெஸ்ல அரைகுறையா காதுல விழுற ஒரு வார்த்தையிலேயே இது நம்ம ஆளா எதிரியான்னு தெரிஞ்சிடணும். அவங்களோட சொந்தப் படகுகளுக்கு எம்டிபி, எம்ஜிபின்னு பேரு, மோட்டார் டார்பிடோ படகு, மோட்டார் பீரங்கிப் படகு. எதிர்ல வர்றது ஈ-போட். இருட்டுல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சைஸ் படகு, ஒரே மாதிரி நுரை, ஒரே மாதிரி இரைச்சல், அந்த நிலைமையில இந்தப் பேரு எவ்வளவு உதவியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா இதுலதான் ஒரு பெரிய சிக்கலும் இருக்கு, இந்தக் கட்டுரையை எழுதணும்னு தோணினதே அதனாலதான். எதிரிப் படகுன்னு பொதுவா பேரு வெச்சா அது எல்லா எதிரிப் படகுக்கும் போய் ஒட்டிக்கும். பிரிட்டிஷ் போர்க்கால ரிப்போர்ட்ல ஈ-போட்னு எழுதியிருந்தா அது எஸ்-போட்டா இருக்கணும்னு கட்டாயமே இல்ல. கண்ணிவெடி வாருறதுக்குன்னு ஜெர்மன்காரங்க வெச்சிருந்த ஆர்-போட்டா இருக்கலாம், அது எஸ்-போட்டை விட ரொம்ப மெதுவா போறது, ஆனா ராத்திரியில ரெண்டு மைல் தள்ளி நிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும். மத்தியதரைக் கடல்ல இத்தாலிக்காரங்களோட படகையும் ஈ-போட்னே எழுதினாங்க. 1942 ஆகஸ்ட்ல மால்டாவுக்கு சாமான் கொண்டுபோன பெடஸ்டல் கான்வாய்ல, அதாவது காவலோட கூட்டமா போற கப்பல் வரிசையில, மான்செஸ்டர்ங்கிற பிரிட்டிஷ் க்ரூஸரை (பெரிய போர்க்கப்பல்) துனிசியா கரை பக்கம் டார்பிடோ போட்டு முடக்கினது இத்தாலியோட எம்எஸ் வகைப் படகுங்க, ஒரு ஜெர்மன்காரன் கூட அதுல இல்ல, ஆனா அந்த கான்வாய் பத்தின பிரிட்டிஷ் விவரங்கள்ல ஈ-போட் தாக்குதல்னு தான் பேரு. இதுல இன்னொரு விஷயம், அந்த எம்எஸ் படகோட டிசைன் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தா, போருக்கு முன்னாடி யுகோஸ்லாவியா ஜெர்மனியோட லூர்ஸன் கம்பெனிகிட்ட வேகப் படகு வாங்கியிருந்துச்சு, 1941-ல யுகோஸ்லாவியா விழுந்தப்போ அது இத்தாலி கைக்குப் போச்சு, அதைப் பார்த்துத்தான் இவங்க எம்எஸ் கட்டினாங்க. அதனால ஈ-போட்னு எழுதினவனுக்குத் தெரியாமலேயே அது பாதி சரியாவும் இருக்கு.

இதை விட மோசமான குழப்பம் டார்பிடோ படகுங்கிற வார்த்தையால வருது. தமிழ்லயும் நாம எஸ்-போட்டை டார்பிடோ படகுன்னு தான் எழுதுறோம், தப்பில்ல, டார்பிடோ விடுற படகுதானே. ஆனா ஜெர்மன் கடற்படையில டார்பிடோபோட்னா அது வேற கப்பல், எஸ்-போட் மாதிரி 100 டன் படகு இல்ல, 900 டன், 1300 டன்னு போற, கிட்டத்தட்ட ஒரு சின்ன டிஸ்ட்ராயர், அதாவது வேகமான போர்க்கப்பல். 1944 ஜூன் 6, பிரிட்டன், அமெரிக்கா படைங்க பிரான்ஸ்ல இறங்கின நாள், அன்னிக்கு விடியற்காலையில நார்மண்டியில ஸ்வோர்ட் கடற்கரைக்கு முன்னாடி ஸ்வென்னர்ங்கிற நார்வே டிஸ்ட்ராயர் டார்பிடோ பட்டு ரெண்டா ஒடைஞ்சு முங்குச்சு. ஈ-போட் அடிச்சுதுன்னு பல இடத்துல எழுதியிருப்பாங்க. அடிச்சது லே ஹாவ்ர் துறைமுகத்துலேருந்து வந்த டி-28, மூவே, யாகுவார்ங்கிற மூணு டார்பிடோபோட், எஸ்-போட் இல்லவே இல்ல. ஒரே எழுத்து பண்ற வேலை, 30 பேர் கொள்ற மரப் படகும் நூத்துக்கும் மேல ஆளுங்க இருக்கிற இரும்புக் கப்பலும் ஒரே பேருக்குள்ள போயிடுது. முதல் உலகப்போர் பத்தி படிக்கும்போது இன்னும் கவனமா இருக்கணும், அங்க ஈ-க்குப் பின்னாடி நம்பர் வந்தா அது பிரிட்டிஷ் கடற்படையோட ஈ கிளாஸ் நீர்மூழ்கி, 1915-ல டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள்ள புகுந்து போனதெல்லாம் அதுங்கதான், இந்த வேகப் படகுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

சரி, பேரு எதிரி வெச்சது, படகு எப்படி வந்துச்சு. முதல் உலகப்போர் கடைசியிலேயே ஜெர்மன்காரங்க ஆகாயக் கப்பலுக்குன்னு செஞ்ச எஞ்சினை சின்னப் படகுல வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க, எல்எம் படகுன்னு பேரு, அந்த எல் ஆகாயக் கப்பலைத்தான் குறிக்குது. தோத்ததுக்கப்புறம் வெர்சாய் ஒப்பந்தம் வந்து, ஜெர்மனிக்கு நீர்மூழ்கியே கூடாது, டிஸ்ட்ராயர் 12, டார்பிடோ படகு 12னு கட்டிப்போட்டுச்சு. அந்தக் கணக்குல மாட்டாத அளவுக்கு சின்னதா, ஆனா பெரிய கப்பலை முக்குற அளவுக்கு பலமா ஒண்ணு வேணும்னு கடற்படை தேடுச்சு. தேடினது கிடைச்ச இடம்தான் சுவாரசியம். பிரெமன் பக்கம் வெகஸாக்ல இருக்கிற லூர்ஸன் கம்பெனி 1927-ல ஓட்டோ கான்ங்கிற அமெரிக்க பேங்கருக்கு ஒஹெகா-2ன்னு ஒரு சொகுசுப் படகு கட்டிக் கொடுத்துச்சு, மூணு மேபாக் எஞ்சின், 34 நாட் வேகம், அதாவது மணிக்கு 63 கிலோமீட்டர் கிட்ட. பணக்காரர் ஒருத்தர் ஜாலியா சுத்துறதுக்கு கட்டின அந்தப் படகோட உடம்புதான் எஸ்-போட்டுக்கு மாதிரி. 1930-ல கடற்படைக்கு முதல் படகு வந்துச்சு, உடனே எஸ்-1னு பேரு வெக்கல, நீர்மூழ்கி தேடுற படகுங்கிற மாதிரி ஒரு பேருல வெச்சிருந்தாங்க, வெளி உலகத்துக்கு சந்தேகம் வரக்கூடாதுன்னு.

அந்த உடம்பைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பயமே அதுலேருந்துதான் வந்துச்சு. பிரிட்டிஷ் எம்டிபி பலதும் அமெரிக்க பிடி படகும் தட்டையான அடிப்பாகம் உள்ளது, வேகம் எடுத்தா தண்ணிக்கு மேல எழும்பி வழுக்கிட்டுப் போகும். அமைதியான தண்ணியில அருமையா போகும், ஆனா வடகடல்ல காத்தடிச்சு அலை எழும்பிட்டா அடி மேல அடி விழும், ஆளுங்க முதுகெலும்பு நொந்துபோகும், வேகத்தைக் குறைச்சே ஆகணும். எஸ்-போட்டுக்கு அடிப்பாகம் உருண்டை, நீளம் 35 மீட்டர் கிட்ட, அகலம் 5 மீட்டர் தான், அலையைக் கிழிச்சிட்டுப் போகும். லேசான உலோகச் சட்டம், அது மேல மரப்பலகை ரெண்டு அடுக்கு. உருண்டை அடிப்பாகத்துல ஒரு கெட்டது என்னன்னா வேகம் கூடக்கூட பின்பக்கம் தண்ணிக்குள்ள அமுங்கும், பின்னாடி பெருசா அலை எழும்பும். அதுக்கு லூர்ஸன்ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, நடுவுல இருக்கிற பெரிய சுக்கான் தவிர ரெண்டு பக்கமும் சின்ன சுக்கான் ஒண்ணொண்ணு வெச்சாங்க, வேகமா போகும்போது அதை வெளிப்பக்கமா 30 டிகிரி வரைக்கும் திருப்பினா ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி காத்துப் பை ஒண்ணு உருவாகும், பின்பக்கம் அமுங்காம நிக்கும், அலையும் குறையும், அதே எஞ்சின்ல வேகமும் கூடும். லூர்ஸன் எஃபெக்ட்னு இன்னிக்கும் அதுக்குப் பேரு. ராத்திரியில படகைக் காட்டிக் கொடுக்கிறதே பின்னாடி எழும்புற வெள்ளை நுரைதான், அதனால இது வேகத்துக்கு மட்டும் இல்ல, ஒளியறதுக்கும் உதவுச்சு.

அடுத்தது எஞ்சின். ஆரம்பத்துல பெட்ரோல் எஞ்சின் தான், அப்புறம் டீசலுக்கு மாறிட்டாங்க, டெய்ம்லர்-பென்ஸ் 16 சிலிண்டர்ல ஒண்ணு செஞ்சாங்க, ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல்ல இருந்ததும் அதே குடும்பத்து எஞ்சின் தான், அப்புறம் 20 சிலிண்டர்ல 2000 குதிரைத்திறன் உள்ளது வந்துச்சு, ஒரு படகுக்கு மூணு. 40 நாட் கிட்ட, அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல போகும், 700 கடல் மைல் வரைக்கும் டீசல் தாங்கும். பிரிட்டன்கிட்ட இந்த மாதிரி லேசான, பலமான டீசல் எஞ்சின் இல்ல. இத்தாலியோட ஐசோட்டா பிராஸ்கினி பெட்ரோல் எஞ்சினை நம்பியிருந்தாங்க, 1940 ஜூன்ல இத்தாலியே எதிரியா மாறினதும் அதுவும் நின்னுபோச்சு, அப்புறம் அமெரிக்காவோட பேக்கார்ட் எஞ்சின் வந்து காப்பாத்துச்சு, அதுவும் பெட்ரோல். டாங்க்ல ஒரு குண்டு பட்டா பெட்ரோல் படகு தீப்பிடிச்சு எரியும், டீசல் அவ்வளவு சுலபமா பத்திக்காது. ரெண்டு பக்கமும் மரப் படகுதான், ஆனா ஒரு பக்கத்து ஆளுங்க பெட்ரோல் மேல உக்காந்து சண்டை போட்டாங்க, இதை நினைக்கும்போதெல்லாம் அந்த பிரிட்டிஷ் பசங்க மேல பெரிய மரியாதை வருது.

1940 மே மாசம் இந்தப் பேரு பிரிட்டன்ல பரவ ஆரம்பிச்ச நேரம். மே 9 ராத்திரி வடகடல்ல கெல்லிங்கிற டிஸ்ட்ராயரை எஸ்-31 டார்பிடோ போட்டு அடிச்சுது, பாய்லர் ரூம்ல பெரிய ஓட்டை, 27 பேர் செத்தாங்க, 91 மணி நேரம் இழுத்துட்டுப் போய் டைன் நதிக்கரைக்கு கொண்டு சேர்த்தாங்க. அந்தக் கப்பலோட கேப்டன் லூயி மவுண்ட்பேட்டன், 7 வருஷம் கழிச்சு நம்ம ஊருக்கு கடைசி வைஸ்ராயா வந்தாரே, அவரேதான். அதே மாசக் கடைசியில டன்கர்க்லேருந்து ஆளுங்களை ஏத்திட்டு வந்த வேக்ஃபுல்ங்கிற டிஸ்ட்ராயரை எஸ்-30 அடிச்சு முக்குச்சு, சிரோக்கோங்கிற பிரெஞ்சு டிஸ்ட்ராயரும் இப்படித்தான் போச்சு, உள்ள நெருக்கியடிச்சு நின்ன சிப்பாய்ங்களோட.

பிரான்ஸ், ஹாலந்து துறைமுகமெல்லாம் கைக்கு வந்ததும் எஸ்-போட்டுக்கு இங்கிலாந்து கிழக்குக் கரை ஒரே ராத்திரியில போய்ட்டு வர்ற தூரம் ஆயிடுச்சு. லண்டனோட மின் நிலையத்துக்கும் காஸ் கம்பெனிக்கும் நிலக்கரி வடக்கேருந்து கடல் வழியாத்தான் வரும், அவ்வளவு நிலக்கரியை ரயில்ல கொண்டுவர முடியாது. ஒரு பக்கம் கரை, இன்னொரு பக்கம் கண்ணிவெடி, நடுவுல வாரி வெச்ச ஒரு குறுகலான பாதை, ரெண்டு பக்கமும் அடையாளத்துக்கு மிதவை, அதுல பழைய நிலக்கரிக் கப்பலுங்க மைல் கணக்கா வரிசையா மெதுவா ஊர்ந்து போகும். நார்ஃபக், சஃபக் கரை ஓரமா போற அந்தப் பாதைக்கு மாலுமிங்க ஈ-போட் சந்துன்னு பேரு வெச்சாங்க. எஸ்-போட்டுங்க ராத்திரி வந்து எஞ்சினை நிறுத்திட்டு அந்த மிதவை பக்கத்துலயே காத்துக்கிட்டு இருக்கும், சில நேரம் மிதவையிலேயே கயிறு கட்டிக்கும், ரேடார்ல பார்த்தாலும் மிதவையா படகான்னு தெரியாது, கான்வாய் கிட்ட வந்ததும் டார்பிடோவை விட்டுட்டு புகைத்திரை போட்டு ஓடிடும். 1941 மார்ச் 7 ராத்திரி மட்டும் 7 வணிகக் கப்பல் போச்சு. 1942 மார்ச்ல க்ரோமர் ஊருக்கு நேரா வோர்டிகர்ன்ங்கிற காவல் டிஸ்ட்ராயரையே எஸ்-104 முக்கிடுச்சு, நூத்துக்கும் மேல ஆளுங்க. மாலுமிங்க பேச்சுல வந்த ஈ-போட் இப்படி ஒரு இடத்துப் பேராவே மாறிப்போச்சுன்னா அந்த பயம் எந்த அளவுக்கு இருந்திருக்கும்.

பிரிட்டன் சும்மா இருக்கல. வேகமான பீரங்கிப் படகு கட்டினாங்க, ராபர்ட் ஹிச்சன்ஸ்ங்கிற ஒரு வக்கீல், தொழில்முறை கடற்படைக்காரர் கிடையாது, எஸ்-போட்டுங்க திரும்பி வீட்டுக்குப் போற வழியில போய்க் காத்திருந்து அடிக்கிற முறையை உருவாக்கினார், 1943 ஏப்ரல்ல சண்டையிலேயே போயிட்டார். டிஸ்ட்ராயருங்கள்ல ஜெர்மன் தெரிஞ்ச ஆளை உக்கார வெச்சு எஸ்-போட் ஒண்ணுக்கொண்ணு பேசுறதை ஒட்டுக் கேட்டாங்க. ரேடார் நல்லா ஆச்சு, ஆகாயத்துலேருந்தும் வேட்டையாடினாங்க. ஜெர்மன் பக்கம் 1942 ஏப்ரல் வரைக்கும் எஸ்-போட்டுங்க டார்பிடோபோட் தலைமைக்கு கீழதான் இருந்துச்சு, அப்புறம்தான் தனியா பிரிச்சு ருடால்ஃப் பீட்டர்சனை தலைவரா போட்டாங்க, அவங்களே ரெண்டையும் பிரிக்க இவ்வளவு நாள் ஆயிருக்கு.

1944 ஏப்ரல் 28-ஐ விட்டுட்டு இந்தப் பேரைப் பத்திப் பேசவே முடியாது. நார்மண்டியில உட்டா கடற்கரையில இறங்கப் போற அமெரிக்கப் படைக்கு ஒத்திகை, எக்சர்சைஸ் டைகர்னு பேரு, தெற்கு இங்கிலாந்துல ஸ்லாப்டன் மணல் கரையில, அதுக்காக சுத்துவட்டார கிராமத்துல இருந்த 3000 பேரை ஏற்கெனவே காலி பண்ண வெச்சிருந்தாங்க. டாங்கியும் லாரியும் சிப்பாயும் நிறைஞ்ச 8 எல்எஸ்டி கப்பல் (டாங்கியை நேரா கரையில இறக்குற கப்பல்) லைம் விரிகுடாவுல வரிசையா வந்துச்சு, காவலுக்கு வர வேண்டிய ரெண்டுல சிமிட்டர்ங்கிற டிஸ்ட்ராயர் முந்தின நாள் இடிபட்டு துறைமுகத்துலயே நின்னுபோச்சு, அசேலியாங்கிற சின்னக் காவல் கப்பல் மட்டும். பிரான்ஸ்ல இருக்கிற செர்போர்க் துறைமுகத்துலேருந்து 9 எஸ்-போட் கிளம்பி வந்துச்சு. எதிரிப் படகு வருதுன்னு தகவல் ஒயர்லெஸ்ல வந்துச்சு, ஆனா உத்தரவுத் தாள்ல அலைவரிசை தப்பா டைப் ஆனதால அமெரிக்கக் கப்பலுங்க வேற அலைவரிசையைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அவங்க காதுல விழவே இல்ல. ராத்திரி 2 மணி சுமாருக்கு எல்எஸ்டி-507 எரிய ஆரம்பிச்சுது, எல்எஸ்டி-531 சில நிமிஷத்துலயே முங்கிடுச்சு, எல்எஸ்டி-289 பின்பக்கம் சிதைஞ்சு தப்பிச்சு கரை சேர்ந்துச்சு. தண்ணி பனி மாதிரி சில்லுனு இருந்துச்சு, காத்தடைச்ச மிதவை பெல்ட்டை எப்படிப் போடணும்னு யாரும் ஒழுங்கா சொல்லித் தரல, முதுகுல மூட்டை இருந்ததால பசங்க அதை கைக்கு கீழ போடாம இடுப்புல கட்டிக்கிட்டாங்க, தண்ணியில குதிச்சதும் மூட்டை கனத்துல தலை கீழ போய் கால் மேல வந்துச்சு. செத்தவங்க 749 பேர்னு பொதுவா சொல்ற கணக்கு. ஜூன் 6 அன்னிக்கு நிஜமா உட்டாவுல இறங்கினப்போ போன உயிரை விட ஒத்திகையில போனது பல மடங்கு.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் பதட்டம். படையெடுப்பு எங்க நடக்கப் போகுதுன்னு தெரிஞ்ச 10 ஆபீசருங்க காணாம போயிருந்தாங்க, அதுல ஒருத்தரையாவது எஸ்-போட் தூக்கிட்டுப் போயிருந்தா எல்லா ரகசியமும் போச்சு. 10 பேரோட உடலும் கிடைச்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு. உயிர் பிழைச்சவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு.

நார்மண்டி இறங்கின ஒரு வாரத்துல, ஜூன் 14 சாயங்காலம், லே ஹாவ்ர் துறைமுகத்து மேல லங்காஸ்டர் விமானங்க வந்து குண்டு போட்டுச்சு, 5 டன் டால்பாய் குண்டு உட்பட. பத்துக்கும் மேற்பட்ட எஸ்-போட்டும், கூடவே மூவே, யாகுவார், ஃபால்க்ங்கிற டார்பிடோபோட்டும் துறைமுகத்துக்குள்ளேயே போச்சு. அதுக்கப்புறம் இங்கிலீஷ் கால்வாய்ல அவங்களால பழையபடி தலைதூக்க முடியல. மொத்தப் போர்லயும் எஸ்-போட்டுங்க நூறுக்கும் மேல வணிகக் கப்பலை, 2 லட்சம் டன்னுக்கும் மேல, டார்பிடோவாலேயே முக்கினதா சொல்ற கணக்கு இருக்கு, அவங்க போட்ட கண்ணிவெடியில போனது அதுல சேரல.

1945 மே 13-ல எஸ்-204, எஸ்-205ன்னு ரெண்டு படகு வெள்ளைக் கொடியோட இங்கிலாந்துல இருக்கிற ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு வந்துச்சு, ரியர் அட்மிரல் கார்ல் ப்ரூனிங் கண்ணிவெடி போட்ட இடமெல்லாம் குறிச்ச வரைபடத்தோட வந்திறங்கினார். அது வருஷக்கணக்கா அவங்களோட சண்டை போட்ட பிரிட்டிஷ் படகுங்களோட தளம், இவ்வளவு நாள் இருட்டுல நுரையா மட்டும் பார்த்த படகை பகல் வெளிச்சத்துல கிட்ட நின்னு பார்க்க ஒரு கூட்டமே கூடுச்சு.

அதோட முடியல. பிடிச்ச எஸ்-போட்டை பிரிட்டனே வெச்சுக்கிட்டாங்க, 1949-லேருந்து பால்டிக் கடல்ல மீன்பிடி பாதுகாப்புன்னு வெளியில சொல்லிட்டு, சோவியத் கையில இருந்த லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா கரையில உளவாளிங்களை ராத்திரியில இறக்கிவிட்டாங்க, ஓட்டினது ஹான்ஸ்-ஹெல்முட் க்ளோஸேங்கிற பழைய ஜெர்மன் எஸ்-போட் கேப்டன். துப்பாக்கியைக் கழட்டி பாரத்தைக் குறைச்சதுல படகு 45 நாட் வரைக்கும் போச்சு, சோவியத் ரோந்துப் படகு எதாலயும் பிடிக்க முடியல, ஆனா இறங்கின உளவாளிங்கள்ல நெறைய பேரை சோவியத் உளவுத்துறை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுப் பிடிச்சிட்டாங்க. அந்த வேலைக்குப் போன படகுங்கள்ல ஒண்ணு எஸ்-130, 1944 ஏப்ரல்ல லைம் விரிகுடாவுக்கு வந்த 9-ல ஒண்ணு. அது இன்னும் இருக்கு, இங்கிலாந்துல கார்ன்வால்ல கரையேத்தி வெச்சு மறுபடி பழையபடி கட்டுற வேலை நடந்துச்சு.